துவராடைக்கு உரிமை கோருவோர்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமையொன்றிற் செல்பவர், சமய எல்லைகள் பற்றி நூல்களிற் கற்றவற்றைச் சற்று மறந்துவிட நேரும். புனித அந்தோனியார் திருத்தலத்திலே மெழுகுதிரி ஏந்தி நிற்கும் கூட்டத்திற் கத்தோலிக்கருடன் சைவரும் பௌத்தரும் கலந்து நிற்பர். அங்கிருந்து சிறிது தூரத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடக்கம் 1912ஆம் ஆண்டு வரையிற் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உள்ளது. ஜம்பட்டா வீதி வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு நடந்தாற் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தோன்றும். அவ்வட்டாரத்திலேயே தீபதுத்தமாராம விகாரையும் அமைந்துள்ளது. அவ்விகாரையின் சேதியம் அநுராதபுரத்துத் தூபிகளைப் போன்றதன்று. அது சியாம் தேசத்துப் பாணியிலே கூர்ந்து உயர்ந்தது.

இவ்விகாரையின் வாயிலைத் தமிழர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். இச்சேதியம் ஏன் அயல்நாட்டு வடிவில் அமைந்தது என வினவுவோர் அவர்களுள் மிகச் சிலரே. வினவாமைக்குக் காரணம் சோம்பலன்று; ஒரு கொள்கையே காரணமாகும். "அது அவர்களுடையது" என்பதே அக்கொள்கை. மறுபுறத்தில், "அது எங்களுடையது, எங்களுடையது மட்டுமே" என்னும் குரல் பல தசாப்தங்களாக இந்நாட்டு மேடைகளில் ஓங்கி ஒலித்து வருகின்றது. இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றினும், உண்மையில் ஒரே கூற்றின் இரு பாதிகளாம். பௌத்த துறவி ஓர் இனத்தின் உடைமை என்பதை இரு சாராரும் ஏற்றுக்கொண்ட பின்னரே, அவ்வுடைமையைப் போற்றுவதா தூற்றுவதா என்பதில் வேறுபடுகின்றனர். இக்கட்டுரை அப்பொதுக் கொள்கையையே மறுக்கின்றது. மறுப்பதற்கு வேண்டிய சான்று தொலைவில் இல்லை. கொட்டாஞ்சேனையின் அச்சேதியத்தின் அடியிலேயே கிடக்கின்றது.

முதலில், துறவி என்பவர் யார் என்பதைப் பௌத்த சங்கத்தின் விதிகளைக் கொண்டே நோக்குதல் பொருந்தும். வீட்டைவிட்டு வீடின்மைக்குச் செல்பவரே பிக்கு. அவருக்கு அனுமதிக்கப்பட்ட உடைமைகள் எட்டு: மூன்று சீவரங்கள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சு, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. இப்பட்டியலில் நிலம் இல்லை, கொடி இல்லை, மொழியும் இல்லை. மழைக்காலத்து மூன்று மாதங்கள் மட்டும் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது வினய விதி. அவ்விதிகூடத் துறவியின் வசதி கருதி எழுந்ததன்று. மழைக்காலத்தில் நடந்து திரிந்த பிக்குகள் முளைவிட்ட பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என மக்கள் குறைகூறினர். அதனாலேயே அவ்விதி வகுக்கப்பட்டது. எஞ்சிய மாதங்களில் நடத்தலே அவர் தொழில். பலருடைய நன்மைக்காகப் பல திசைகளிலும் செல்லுமாறும், ஒரே வழியில் இருவர் செல்லாதிருக்குமாறும் புத்தர் தம் முதற் சீடரைப் பணித்தார். ஆகவே அலைதல் என்பது துறவி வாழ்வின் அணிகலன் அன்று, அதன் இலக்கணமாகும்.

இவ்விலக்கணத்திற்குக் கொட்டாஞ்சேனை தந்த இலக்கியம் ஜினவரவம்ச தேரர் ஆவார்.

துறவுக்கு முன் அவர் பெயர் பிரிஸ்டாங் சும்சாய். 1852ஆம் ஆண்டு பிறந்த அவர், சியாம் மன்னன் மூன்றாம் இராமாவின் பேரர். சிங்கப்பூரிற் கற்று, பின் இங்கிலாந்து சென்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பொறியியல் பயின்று 1876இல் தேர்ந்தார். ஐரோப்பியத் தலைநகரங்களிலே தங்கியிருந்து சியாம் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்திய முதல் தூதுவர் அவரே. வல்லரசுகள் ஆசியாவைப் பங்கிட்டுக்கொண்டிருந்த அக்காலத்தில், ஒரு சிறு நாட்டின் சுதந்திரத்தைச் சொல்லாற்றலால் மட்டும் காக்கவேண்டிய பொறுப்பு அவர் தோள்மீது கிடந்தது. 1885இல் அவரும் வேறு சில இளவரசரும் அதிகாரிகளும் சேர்ந்து சூலாலங்கோர்ண் மன்னனுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தனர். தனியொருவரின் விருப்பத்தால் ஆளும் முறை நீங்கிச் சட்டத்திற்கு அமைந்த ஆட்சி வரவேண்டும் என்பதே அதன் சாரம். மன்னன் அதனை ஏற்கவில்லை. பிரிஸ்டாங் நாட்டிற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பதவிகள் சில கிடைத்தனவாயினும், அரசவையின் நம்பிக்கை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ 1890இல் அவர் அரச சேவையைத் துறந்து நாட்டை விட்டகன்றார். சில காலம் மலாயாவின் பேராக் மாநிலத்திலே ஆங்கிலேய நிர்வாகத்தின்கீழ்த் தொழில் புரிந்தார். 1896இல் இலங்கையை அடைந்து, வஸ்கடுவே சுபூதி தேரரிடம் துறவு பூண்டு, ஜினவரவம்ச என்னும் பெயரைப் பெற்றார். ஐரோப்பிய அரசவைகளிற் பதக்கங்கள் அணிந்து நின்ற மார்பு, பிறர் தந்த துணியாற் போர்க்கப்பட்டது. மன்னரோடு மேசையில் அமர்ந்து உண்டவர், பிச்சைப் பாத்திரம் ஏந்தி முன்பின் அறியாத மக்களின் வாசல்களில் நின்றார். தென்னிலங்கைக் கரையோரத்துச் சிறு தீவொன்றில் தனித்திருந்தார். வட இந்தியாவின் பௌத்தத் தலங்களை நாடிச் சென்றார். ஈற்றிற் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராமத்தின் தலைமைத் தேரராக அமர்ந்தார். அவர் காலத்திலேதான் சியாமியப் பாணியிலான அச்சேதியம் எழுந்தது. அதனினும் மேலாக, அவ்வட்டாரத்து ஏழைச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் கட்டணமின்றிக் கல்வி தரும் பாடசாலைகளை அவர் நிறுவினார். துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில், அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு பிச்சாபாத்திரக்காரர் கல்விச்சாலை கட்டினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1910ஆம் ஆண்டு சூலாலங்கோர்ண் மன்னன் இறந்தான். மன்னனின் ஈமச்சடங்கிற் கலந்துகொள்வதற்காக, 1911இல் ஜினவரவம்சர் தம் தாய்நாட்டிற்குப் பயணமானார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பு யாது? சீவரத்தைக் களைய வேண்டும் என்னும் கட்டளையே கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் அணிந்த துவராடையை அவர் களைந்தார். மீண்டும் துறவு பூண அவருக்கு இடமளிக்கப்படவில்லை. கொட்டாஞ்சேனைக்கு மீளவும் முடியவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வறுமையில் உழன்று 1935இல் மறைந்தார். அவர் வரலாற்றை அமெரிக்க வரலாற்றறிஞர் தமாரா லூஸ் 2016இல் விரிவான நூலாக வெளியிட்டுள்ளார். ஆயின், அவர் பாதம் பட்ட கொட்டாஞ்சேனையிலும், அதனை அடுத்த கொச்சிக்கடையிலும், அவர் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்போர் எத்தனை பேர்?

இங்கே ஒன்றை உற்றுநோக்க வேண்டும். அந்நிய நாடு அவருக்குத் துவராடையை அளித்தது. பிறந்த நாடு அதனைப் பறித்தது. அரசு அவரைத் தன் உடைமையாகக் கருதியமையே அதற்குக் காரணம். துறவி எல்லாருக்கும் உரியவராக இருந்தவரையில் அரசின் கட்டளை அவர்மீது செல்லாது. ஆதலால் அவரை முதலிற் குடிமகனாக்கவேண்டும். குடிமகனாக்குவதற்கு முதலிற் சீவரத்தை அகற்றவேண்டும். பாங்கொக் அரசவையினர் செய்தது கொடிதாயினும், அவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தனர் எனலாம். துவராடையும் அரசின் உரிமையும் ஓருடலிற் பொருந்தா என்பதே அவ்வுண்மை. இலங்கையிலோ அவ்வுண்மையும் மறக்கப்பட்டது. சீவரத்தைக் களையாமலே துறவியை ஓர் இனத்தின் உடைமையாக்கும் வித்தையை இங்குள்ளோர் கற்றுக்கொண்டனர்.

உரிமை கோரும் இம்மனப்பான்மை துறவியோடு நிற்கவில்லை. புத்தரின் எலும்பையும் விட்டுவைக்கவில்லை. 1898ஆம் ஆண்டு ஜனவரியில், நேபாள எல்லையை அண்டிய பிப்ரஹவா என்னுமிடத்தில், வில்லியம் பெப்பே என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் தம் காணியிலிருந்த தூபியொன்றை அகழ்ந்தார். புத்தருடைய தாதுக்கள் எனக் கருதப்படுவனவும் பெருந்தொகையான மணிகளும் வெளிப்பட்டன. அங்கு சென்ற ஜினவரவம்சர், இத்தாதுக்கள் அரும்பொருட்காட்சிக்கு உரியவை அல்ல என்றும், அவற்றைச் சியாம் மன்னனிடம் ஒப்படைத்துப் பௌத்த நாடுகளுக்கெல்லாம் பகிர்ந்தளிக்க வேண்டும் என்றும் வாதாடினார். அவ்வாறே 1899இல் எலும்புத் தாதுக்கள் சியாம் அரசின் தூதரிடம் வழங்கப்பட்டன. இலங்கைக்கும் பர்மாவுக்கும் பங்கு கிடைத்தது. தம்மை வெறுத்த மன்னனுக்கே அவர் அத்தாதுக்களைப் பெற்றுக்கொடுக்க முனைந்தார் என்பது அவருடைய துறவின் ஆழத்தைக் காட்டும். மணிகளில் ஒரு பகுதி பெப்பே குடும்பத்திடமே தங்கியது. 2025ஆம் ஆண்டு மே மாதம் ஹொங்கொங்கில் அவை ஏலத்திற்கு வந்தபோது, இந்திய அரசு எதிர்த்தமையால் ஏலம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் மணிகள் இந்தியாவுக்குத் திரும்பின. ஒன்றையும் தமதென்று கொள்ளாத ஒருவரின் ஈமப்பொருட்களுக்கு விலை குறிக்கவும் ஓர் உலகம் துணிந்தது.

ஜினவரவம்சர் அமர்ந்திருந்த அதே விகாரையில், அவருக்கு முன் வாழ்ந்த மற்றொரு துறவியை நாடு முழுவதும் அறியும். அவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பாணந்துறையிலே கிறித்தவப் போதகர்களோடு அவர் நிகழ்த்திய விவாதம் புகழ்பெற்றது. அவ்விவாதம் பற்றிய நூலே கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வருவதற்குத் தூண்டுகோலாயிற்று. பௌத்தக் கொடி 1885ஆம் ஆண்டு வெசாக் தினத்தன்று அவ்விகாரையிலேயே முதன்முதல் ஏற்றப்பட்டது. குணானந்தரின் பெருமையைக் குறைத்துக் கூறுதல் இங்கு நோக்கமன்று. அரசின் ஆதரவைப் பெற்றிருந்த போதகர்கள் மக்களின் சமயத்தை இழித்துரைத்தபோது, வாய்மூடி இருத்தல் துறவாகாது. அடக்குமுறைக்கு எதிரான அக்குரலை ஆறுமுக நாவலரின் மரபில் வந்த தமிழர் எளிதில் உணர்வர். நாவலர் யாழ்ப்பாணத்திற் செய்ததையே குணானந்தர் கொட்டாஞ்சேனையிற் செய்தார் என்பது மிகையன்று.

ஆயினும் வினா வேறு. ஒரே விகாரையில் வாழ்ந்த இருவருள் வாதத்துறவியை நினைவிற் கொண்டு, நாடோடித் துறவியை மறந்தது ஏன்? வாதத்திற்கு ஓர் எதிரி உண்டு. எதிரி உள்ளவிடத்துப் படை திரட்டுதல் எளிது. பிச்சைப் பாத்திரத்திற்கு எதிரி இல்லை. அதனால் அதனைக் கொண்டு ஊர்வலம் நடத்த முடியாது. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குணானந்தரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது, ஓருயிர் பலியாயிற்று, பலர் காயமுற்றனர். வழிபடச் சென்றவர் கூட்டமும் வழிபட்டுக்கொண்டிருந்தவர் கூட்டமும் வீதியை உரிமை கோரிய இரு படைகளாயின. நூற்றுமுப்பத்தாறு ஆண்டுகளின் பின், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறே, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. செய்தோர் வேறு, காலமும் காரணமும் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்கு அநீதியாகும். ஆனால் கடவுளைத் தம் கட்சியின் உறுப்பினராக்கிக்கொள்வோரின் கணக்கைத் தீர்ப்பவர் யார் என்பதை இவ்வீதிகள் இருமுறை கண்டுள்ளன. வழிபட வந்த எளியவரே அக்கணக்கைத் தீர்த்தனர்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். "ஊரற்ற துறவியைப் பற்றிப் பேசுவது அழகாக இருக்கலாம். ஆனால் இந்நாட்டுத் தமிழன் கண்ட துவராடை வேறு. 1956இல் ஒருமொழிக் கொள்கைக்காகத் தேர்தற் களத்தில் இறங்கியது அது. 1958 ஏப்ரலிற் பிரதமரின் வாசலில் அமர்ந்து பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கையைக் கிழிக்கச் செய்தது அது. 1959இல் அப்பிரதமரையே சுட்டதும் துவராடை அணிந்த கையே. 2004இல் ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் புகுந்தனர். இவற்றையெல்லாம் கண்ட பின்னும் துவராடையைப் போற்று என்பது, அடிபட்டவனிடம் தடியைப் போற்று என்பது போலாகாதா?" என்பர்.

இக்குற்றச்சாட்டில் ஓரெழுத்தையும் மறுக்கவேண்டியதில்லை. தமிழரின் அச்சம் கற்பனையன்று. அது அனுபவத்தின் விளைவு. ஆனால் அவ்வச்சத்திலிருந்து பெறப்படும் முடிவே பிழையானது. மேற்கூறியவை யாவும் நிலத்துக்கும் மொழிக்கும் அரசுக்கும் உரிமை கோரியவர்களின் செயல்கள். அவற்றைச் செய்தபோது அவர்கள் எட்டுப் பொருட்களுக்கு மேலான ஒன்பதாவது உடைமை ஒன்றைச் சுமந்தனர். "பௌத்தம் சிங்களவரின் மதம், துறவி அவர்களின் ஆள்" எனத் தமிழன் கூறும்போது, அந்த ஒன்பதாவது உடைமைக்கு அவனே உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுக்கின்றான். எதிராளி காட்டும் போலிப் பத்திரத்திற் சாட்சிக் கையொப்பம் இட்டுவிட்டு, வழக்கில் தோற்றேன் எனப் புலம்புவதாற் பயன் யாது? வினயத்தின் விதியைக் காட்டி, "இவ்வுரிமை உமக்கு இல்லை, எவருக்கும் இல்லை" எனக் கூறுவதே தக்க மறுமொழியாம்.

கற்றறிந்தோரிடமிருந்து எழும் எதிர்வாதம் மற்றொன்று. வல்பொல ராகுல தேரர் 1946இல் எழுதிய பிக்குவின் மரபுரிமை பற்றிய நூல், துறவி சமூக சேவையிலிருந்தும் அரசியலிலிருந்தும் ஒதுங்கியிருத்தல் காலனித்துவம் விதித்த கட்டுப்பாடே என்றும், நாட்டின் வாழ்வோடு இணைந்து நிற்பதே பிக்குவின் பழைய மரபு என்றும் வாதிடுகின்றது. இதில் உண்மை இல்லாமலில்லை. குகையில் ஒளிவது துறவாகாது. ஆனால் மக்களுக்குத் தொண்டாற்றுவதற்கு அம்மண்ணின் உரிமைப்பத்திரம் வேண்டும் என்பது எவ்வாறு பெறப்படும்? கொட்டாஞ்சேனையில் இலவசக் கல்வி தந்த ஜினவரவம்சருக்கு அம்மண்ணில் என்ன மரபுரிமை இருந்தது? அம்மாணவரின் மொழி அவருடைய தாய்மொழியன்று. அவர்களின் குலம் அவருடைய குலமன்று. தொண்டுக்குத் தேவை பசித்தவனும் பாத்திரமுமே. ராகுல தேரர்தாமும் பின்னாளிற் பரிசிலே பல்லாண்டு தங்கி, புத்தர் போதித்தவற்றை ஐரோப்பிய மொழிகளில் உலகினருக்கு உரைத்தார். எழுத்தால் மரபுரிமையை நிறுவியவர், வாழ்வால் அலைதலின் பெருமையை நிறுவினார் எனலாம்.

சங்கத்தின் வரலாறும் இதனையே உரைக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் உபசம்பதா வழங்குவதற்குப் போதிய பிக்குகள் இல்லாமற் போயினர். 1753இற் சியாமிலிருந்து உபாலி தேரரும் உடன் வந்தோரும் கண்டியை அடைந்து அம்மரபை மீளத் தொடக்கினர். அவர்களை வரவழைத்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவனோ தென்னிந்திய நாயக்கர் குலத்தினன். அவர்களை ஏற்றிவந்தது ஒல்லாந்தரின் கப்பல். சியாமியத் துறவி, நாயக்க மன்னன், ஒல்லாந்த மாலுமி ஆகிய மூவரின் துணையால் உயிர்த்தெழுந்த ஒரு சங்கத்தைத் தனியோர் இனத்தின் பிறப்புரிமை என்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! பின்னர் 1803இல் தொடங்கிய அமரபுர நிகாயமும் பர்மாவிலிருந்து வந்ததே. வேலிகள் எழுப்பியவர்கள் பின்வந்தோர். விதை கொணர்ந்தவர்கள் அலைந்து திரிந்தோர்.

இனித் தமிழரின் பக்கத்தை நோக்குவோம் எனின், அங்கும் குற்றம் சிறிதன்று. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிற் கற்றுச் சோழநாடு திரும்பி, காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் அமர்ந்து பாளியில் நூல்கள் இயற்றினார். அவர் திரும்பிய மரக்கலமும், இலங்கை நோக்கிச் சென்ற புத்தகோசரின் மரக்கலமும் நடுக்கடலிற் சந்தித்தன என்றும், தாம் முடிக்காத பணியை முடிக்குமாறு அவர் புத்தகோசரை வாழ்த்தினார் என்றும் பௌத்த மரபு கூறும். அதே புத்தகோசர் காஞ்சியிலும் தங்கியிருந்தவர். தருமபாலர் தென்னாட்டுக் கரையிலிருந்து உரைகள் வகுத்தார். இவர்கள் எழுதிய உரைகளைக் கற்றே இன்றளவும் இலங்கையிலும் பர்மாவிலும் சியாமிலும் பிக்குகள் தேர்ச்சி பெறுகின்றனர். மணிமேகலையில் வரும் அறவண அடிகளும் புகாரிலிருந்து வஞ்சிக்கும் காஞ்சிக்கும் நடந்தவரே.

இவர்களைத் தமிழ்ச் சமூகம் என்ன செய்தது? சைவ மறுமலர்ச்சியின் வேகத்தில், பௌத்தமும் சமணமும் தமிழுக்குப் புறம்பானவை என ஒதுக்கியது. கந்தரோடையின் தூபிகளைக் காணும்போது, "இவை எமக்கு உரியனவல்ல" எனக் கூசி ஒதுங்குவோரும், "இவை எமக்கு மட்டுமே உரியன" என மார்தட்டுவோரும் எதிரெதிரே நிற்கின்றனர். தமிழ்ப் பிக்குகளும் தமிழ்ப் பௌத்தரும் வாழ்ந்தனர் என்னும் உண்மை அவ்விருவருக்குமே இடையூறாக உள்ளது. மயிலை சீனி வேங்கடசாமி 1940இலேயே பௌத்தமும் தமிழும் பற்றி நூலெழுதி இதனை எடுத்துரைத்தார். அவருக்கு முன்னரே, 1898இல், அயோத்திதாசர் கேணல் ஒல்கொட்டுடன் கொழும்புக்கு வந்து, மாளிகாகந்தை வித்தியோதயப் பிரிவெனாவில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுச் சென்னை திரும்பினார். சாதியின் பெயரால் ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்ட தமிழரின் விடுதலைக்குக் கொழும்பிலிருந்து ஒரு விளக்கை ஏந்திச் சென்றார் அவர். அவ்விளக்கை ஏற்றியவர் சிங்களத் தேரர். இச்செய்தி எந்தத் தரப்பின் மேடையிலும் ஒலிப்பதில்லை. ஏனெனில் இதனால் எத்தரப்புக்கும் இலாபம் இல்லை.

தமிழ்ப் பௌத்தத்தை நினைவூட்டுவதன் நோக்கம், "தூபி எமதே" என மற்றோர் உரிமை வழக்குத் தொடுப்பதன்று. அதுவும் அதே நோயே. புத்ததத்தரைத் தமிழ்க் கொடிக்குக் கீழ் நிறுத்துதல், குணானந்தரைச் சிங்களக் கொடிக்குக் கீழ் நிறுத்துவதிலும் எவ்வகையிலும் உயர்ந்ததாகாது. புத்ததத்தர் உறையூரிற் பிறந்தமையாற் பெருமை உறையூருக்கு உண்டு, உரிமை இல்லை. அவர் கடல் கடந்து சென்று சிங்கள நாட்டுத் தேரரிடம் கற்றார். கற்றதைச் சோழநாட்டிலிருந்து எழுதினார். எழுதியதைச் சியாமியர் ஓதினர். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளின் பின் ஒரு சியாமியர் கொட்டாஞ்சேனைக்கு வந்து அவ்வுரைகள் விளக்கிய துவராடையைப் போர்த்தார். இவ்வழியை வரைந்து பார்ப்பவர் ஒரு வட்டத்தைக் காண்பாரேயன்றி எல்லைக்கோட்டைக் காணமாட்டார்.

"ஜினவரவம்சர் மெய்த்துறவியல்லர், அரசியலிற் தோற்று ஓடிவந்தவர்" என இகழ்வாரும் உளர். தோல்வி அவரைத் துரத்தியது உண்மையே. ஆனால் துறவுக்குள் நுழையும் வாயில் எதுவென்பதைக் கொண்டு துறவை அளத்தல் முறையாகாது. துன்பத்தைக் கண்டு வீடு நீங்கியவரே புத்தரும். தோற்ற அரசியல்வாதிகள் அக்காலத்தும் பலர். அவர்களுள் ஏழைச் சிறாருக்குப் பாடசாலை அமைத்துப் பிச்சையேற்று வாழ்ந்தவர் எத்தனை பேர்? கொச்சிக்கடைத் திருத்தலத்தின் வரலாற்றையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கொச்சியிலிருந்து வந்து வணிகரைப் போல் வேடம் பூண்டு மறைந்து திரிந்த அந்தோனியோ என்னும் குருவே அத்தலத்தைத் தொடக்கினார் என்பது மரபு. அவரும் ஓடி ஒளிந்தவர்தாம். அதனால் அவர் ஏற்றிய மெழுகுதிரியின் ஒளி குறைந்துவிட்டதா?

மணிமேகலை கூறும் ஒரு கதை இவ்வழக்குக்குத் தீர்ப்பாக அமையும். மணிபல்லவத் தீவில் ஒரு மணிப்பீடம் இருந்தது. நாகநாட்டு மன்னர் இருவர் அதற்கு உரிமை கோரினர். இருவராலும் அதனைப் பெயர்த்தெடுக்க இயலவில்லை. விட்டுச் செல்லவும் மனமில்லை. பெரும்படையுடன் போர் தொடங்கியபோது புத்தர் தோன்றி, பீடம் தமக்குரியது எனக் கூறி அதில் அமர்ந்து அறமுரைத்தார். மகாவம்சமும் நாகதீபத்தில் நாக மன்னர் இருவர் பிணங்கிய இதே செய்தியைத் தன் வழியிற் கூறுகின்றது. தமிழ்க் காப்பியமும் பாளி வரலாறும் ஒருமித்து உரைக்கும் அரிய சந்தர்ப்பம் இது. ஆனால் இன்றைய அறிஞர் பலர் இக்கதையைக் கொண்டு எதனை ஆராய்கின்றனர்? அத்தீவு நயினாதீவா, அங்கு வாழ்ந்த நாகர் எவ்வினத்தவர், அம்மண் யாருக்கு உரியது என்பவற்றையே. இரு மன்னரின் சண்டையைக் கண்டிக்க எழுந்த கதையை, அச்சண்டையைத் தொடர்வதற்கான ஆவணமாக மாற்றிய பெருமை இருமொழிப் பண்டிதருக்கும் உரியது.

ஆகவே பல்கலைக்கழகங்களிற் பயிலும் தமிழ் மாணவரின் கடமை யாது? மணிமேகலையைப் பரீட்சைக்கு மட்டும் கற்று, அதன் பாத்திரத்தைப் பழங்கதையென மூடிவைத்தல் போதாது. உறையூராரும் காஞ்சியிற் தங்கியோரும் எழுதிய பாளி நூல்களைத் தமிழில் கொணர்ந்து, தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் அவற்றுக்கு இடம் கேட்கவேண்டும். பாளி கற்கும் சிங்கள மாணவரோடு ஒரே மேசையில் அமர்ந்து அவற்றைப் படிக்கவேண்டும். துவராடையின் பெயரால் அநீதி நிகழும்போது, "உங்கள் மதம் இவ்வாறு செய்கிறது" என்னாது, "நீங்கள் போர்த்திய ஆடை இதனை அனுமதிக்கவில்லை" எனக் கூறும் அறிவும் துணிவும் அப்போதுதான் வரும். அநீதியை எதிர்ப்பவனுக்கு எதிராளியின் நூலைக் கற்றிருத்தலைவிடச் சிறந்த கருவி இல்லை; அந்நூலைத் தன் முன்னோர் எழுதியுமிருப்பின் அக்கருவி மேலும் கூர்மையுறும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குச் செல்லும் மாணவர், அந்தோனியாரை வணங்கிப் பொன்னம்பலவாணேசுவரரைத் தொழுத பின், ஜம்பட்டா வீதி வழியே மேலும் சிறிது தூரம் நடந்து பார்க்கட்டும். அங்கே சியாமியச் சேதியத்தின் முன் நின்று, அதனை எழுப்பிய துறவியின் தாய்மொழியோ இனமோ சாதியோ கேளாமல் அவருடைய பாத்திரத்தில் அன்னமிட்ட கொட்டாஞ்சேனை ஏழைகளை எண்ணிப் பார்க்கட்டும். அவர்கள் அறிந்திருந்ததைப் பண்டிதரும் அரசியலாளரும் இனியேனும் அறிதல் வேண்டும்.